'கூச்ச சுபாவம்' என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காது கேளாத, செவித்திறன் குறைந்த பிள்ளைகள் மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதை மதிப்பிடும் படிவங்களில் 'கூச்ச சுபாவம்', 'யாரோடும் சேருவதில்லை', 'முரட்டுத்தனம்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆசிரியர்கள் கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறார்கள். ஆனால் பழகத் தெரியாத பிள்ளையும், பேச்சு காதில் விழாத பிள்ளையும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவார்கள்.

எனவே முதலில் காது மிஷினைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்திருந்தால் அன்றைய மதிப்பீடே வீண். பிறகு பிள்ளைக்குப் பின்னால் 1 மீட்டரிலும் 3 மீட்டரிலும் நின்று ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை வரிசை மாற்றிச் சொல்லுங்கள். கேட்டதைப் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். இரண்டு நிமிட வேலைதான். 3 மீட்டரில் ஒலிகள் தவறினால், பின் பெஞ்சில் நடக்கும் பேச்சும் கேலியும் அந்தப் பிள்ளையை எட்டவே இல்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது: 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசைகிறது. சைகை மொழியில் வளரும் பிள்ளைக்கு இந்தச் சோதனை தேவையில்லை. அந்த மொழி நன்றாகத் தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். அம்மாவையே மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், பிள்ளைக்காக அவரே பதில் சொல்லிவிடுவார்.

அடுத்து, ஒரே பிள்ளையை வெவ்வேறு நாட்களில் மூன்று இடங்களில் பத்துப் பதினைந்து நிமிடம் கவனியுங்கள்: ஒரே ஒரு நண்பனோடு, மதிய உணவு வரிசையில், குழு வேலையில். நண்பனோடு கலகலப்பாக இருந்து குழுவில் ஒதுங்கினால், குறை பெரும்பாலும் கேட்கும் சூழலில் இருக்கிறது. யார் பேசுகிறார் என்று தேடித் திரும்புவதற்குள் பேச்சு அடுத்தவருக்குப் போய்விடுகிறது. மூன்று இடத்திலும் தடுமாறினால்தான் மொழியையும் பழகும் திறனையும் ஆராய வேண்டும்.

'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள். தலையாட்டல்தான் பதிலாக வரும். 'இப்போ என்ன செய்யப்போற?' என்று கேளுங்கள். புரியாதபோது பிள்ளை என்ன செய்கிறது என்பது, எங்கள் பார்வையில், மற்றெல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். சும்மா தலையாட்டுவது ஒரு படி, 'என்ன?' என்பது அடுத்த படி, 'எத்தனை மணிக்குன்னு சொன்னே?' என்று விட்டுப்போனதை மட்டும் கேட்பது அதற்கும் மேலே. வீட்டில் 'என்ன?' என்று கேட்கும்போதெல்லாம் 'ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்' என்றே பதில் கிடைத்த பிள்ளை கேட்பதையே விட்டிருக்கும். அதையும் பெற்றோரிடம் பக்குவமாக விசாரிக்க வேண்டும்.

தோளைத் தட்டிக் கூப்பிடுவதும், மேசையைத் தட்டுவதும், முகத்தை உற்றுப் பார்ப்பதும் காது கேளாதோரிடையே சாதாரண மரியாதை. அதற்கு 'முரட்டுத்தனம்' என்று மதிப்பெண் குறைப்பது அநியாயம்.

நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் (மாலின் என்பவர் இந்தியாவுக்கென மாற்றியமைத்த வடிவம்), 'சிறு வாக்கியங்களில் பேசுகிறான்', 'நடந்ததை விவரிக்கிறான்' போன்ற கேள்விகள் உண்டு. சைகையில் முழு வாக்கியம் சொல்லும் பிள்ளைக்கு 'இல்லை' என்று குறித்தால், எந்த வயதுப் பிள்ளையைப் போலப் பழகுகிறது என்று காட்டும் 'சமூக வயது' சரிந்துவிடும். காது கேளாத மாணவர்களுக்கென்றே அமெரிக்காவில் மெடோ-கெண்டல் சமூக-உணர்ச்சி அளவுகோலை உருவாக்கியதற்கும் இத்தகைய சிக்கல்தான் காரணம்.

படிவம் தயாரிப்போருக்கு ஒரு வேண்டுகோள். காது மிஷின் வேலை செய்ததா, எத்தனை பேர் இருந்தார்கள், எந்த மொழியில் நடந்தது, எவ்வளவு சத்தம் இருந்தது என்று நான்கு கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். 'கூச்ச சுபாவம்' என்பதற்குப் பதிலாக 'ஒருவரோடு தானே பேச்சைத் தொடங்குகிறாள். நான்கு பேர் சேர்ந்தால் விலகுகிறாள்' என்று எழுதியிருந்தால், வகுப்பாசிரியர் மறுநாளே பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பேசுகிறவர் கை தூக்கிவிட்டுப் பேசும்படி சொல்ல முடியும்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியர்கள் சிலர்,
மதுரை