டப்பாவின் பின்பக்கம்

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த தலைமுடி அலங்காரக் கட்டுரை, சாயம் பூசியவர்கள் ‘கலர் புரொடெக்ட்’ என்று போட்டிருக்கும் ஜெல், ஸ்பிரேயாகப் பார்த்து வாங்கச் சொல்கிறது. சரி, அது டப்பாவின் முன்பக்கம். பின்பக்கத்தையல்லவா படிக்கச் சொல்லியிருக்க வேண்டும்! 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகள். மற்றவற்றை எந்த வரிசையிலும் போடலாம். முடியை நிறுத்திப் பிடிப்பது பிவிபி போன்ற, படலமாகக் காய்ந்து ஒட்டும் பாலிமர். அது பெரும்பாலும் தண்ணீர், ஆல்கஹாலை அடுத்து மேலேயே இருக்கும். சாயத்தை வெளுக்க வைக்கும் வெயிலைத் தடுக்கும் பென்சோபீனோன்-4 போன்றவை பல டப்பாக்களில் வாசனைத் திரவியத்தையும் தாண்டிக் கடைசி வரியில்தான் கிடக்கின்றன. அதிலும், ஜெல்லின் சொந்த நிறம் வெளுக்காமலிருக்கவும் இதையேதான் சேர்க்கிறார்கள். பட்டியலில் அந்தப் பெயர் இருப்பதாலேயே நம் தலைச்சாயம் தப்பிவிடாது.

கடையில் வாங்குபவராவது படித்துப் பார்க்கலாம். எங்கள் தெரு சலூனில் பெரிய கேனிலிருந்து ஜெல்லைப் பெயரில்லாத டப்பாவுக்கு மாற்றி வைக்கிறார்கள். என்னவென்று கேட்டால், “நல்ல கம்பெனிதான் சார்” என்பதோடு சரி. தலையில் தடவும் எதையும் அசல் டப்பாவோடு வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வைக்குமாறு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சலூன்களுக்கு அறிவுறுத்தலாம்.

வாசகர், மதுரை