எதிர்வரிசையிலிருந்து வந்த நலச் சட்டங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சமூக நலச் சட்டங்கள் யாவும் ஆளுங்கட்சியின் கொடை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றுப் பராமரிக்கும் இல்லங்கள் உரிமம் பெற்றே இயங்க வேண்டும் என்று விதித்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாக (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) மக்களவையில் கொண்டுவந்தவர், சுயேச்சையாக வென்றுவந்த கமலேந்துமதி ஷா.

நம் காலத்திலும் சான்று உண்டு. மாநிலங்களவையில் எதிர்வரிசையில் இருந்த தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 24-4-2015 அன்று ஒருமனதாக நிறைவேறியது; 45 ஆண்டுகளில் ஓர் அவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது சட்டமாகவில்லை என்றாலும், அரசு தானே ஒரு மசோதாவைக் கொண்டுவரும் நிலை அதன்பின் உருவாகி, 2019-இல் சட்டம் பிறந்தது. சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அதில் இடம்பெறாதது பெருங்குறை.

முதியோர் ஓய்வூதியத்தில் இத்தகைய குரல் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும். 80 வயதுக்குட்பட்ட ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய் என்ற அளவிலேயே ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. அதை உயர்த்தக் கோரும் உறுப்பினர்களுக்குக் கேள்வி நேரமும் வெள்ளிக்கிழமை பிற்பகலின் தனிநபர் அலுவல் நேரமுமே முக்கிய வாய்ப்புகள். அந்த நேரம் கூச்சலிலும் ஒத்திவைப்பிலும் வீணாகும் நாட்களில், அவையில் எழுப்பப்படாமல் போன கேள்விகளையும் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்