சும்மா வந்தவர்களின் சார்பில் ஒரு மடல்

கலைக்கூடத்தின் அறங்காவலர்களுக்கும், கட்டடத்தைப் பொறுப்பேற்கவிருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு கலைக்கூடத்தை மூடுவது என்று எடுத்த முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. கையெழுத்து வாங்கினோம், கூட்டம் போட்டோம், உங்களில் சிலரை நேரிலும் வந்து பார்த்தோம். நீங்களும் பொறுமையாகவே கேட்டீர்கள். குத்தகை முடிகிறது, பழுதுபார்க்கப் பணமில்லை, மின்கம்பிகள் பழையவை, நாளை ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று நீங்கள் சொன்ன காரணங்களில் எதுவும் பொய்யில்லை. கூரை ஒழுகுவது எங்களுக்கும் தெரியும். மழை நாட்களில் வாளியை நகர்த்தி நகர்த்தி வைத்தவர்கள் நாங்கள்தான்.

ஆனால் உங்கள் அறிவிப்பில் ஒரு வரி இருக்கிறது. இங்கே நடந்துவந்த நிகழ்ச்சிகள் எல்லாம் புதிய பல்நோக்கு அரங்குக்கு மாற்றப்படும், ஆகவே பயனாளிகளுக்கு எந்த இழப்பும் இல்லை என்கிறது அது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல். இழப்பு இருக்கிறது. அது இன்னதென்று தெரிந்துகொண்டு நீங்கள் கதவைப் பூட்ட வேண்டும்.

வாசல் மேசையில் கிடக்கும் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தேதி, பெயர், நேரம், வந்த காரணம் என்று நான்கு கட்டம். முதல் சில பக்கங்களில் நான்காவது கட்டம் ஒழுங்காக நிரம்பியிருக்கும்: ஒத்திகை, ஓவிய வகுப்பு, களிமண், மறுபடியும் ஒத்திகை. அப்புறம் மெல்ல ஒரு சொல் நுழைகிறது. சும்மா. அதற்கடுத்த வரியிலும் சும்மா. வேறொரு கையெழுத்தில், வேறொரு மையில், மறுபடியும் சும்மா. தினமும் மாலை வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போகும் ஒரு பெரியவர் மட்டும் பழைய கணக்குப்பிள்ளைகள் போல ‘௸’ (மேற்படி) என்று போட்டுவிடுவார். போன வாரம் எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பதிவேடு முடிவதற்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன். பாதிக்கு மேல் சும்மாதான்.

நீங்கள் மாற்றித் தரப்போவது மற்றப் பாதியை.

அந்தச் சும்மாவில் என்ன நடந்தது என்று இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

கணவர் இறந்த சில வாரத்தில் ஓர் அம்மா இங்கே வந்தார். மதிய நேரத்தில் களிமண் அறையின் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்வார். சக்கரம் சுற்றுவதைப் பார்ப்பார். நான்கு மாதம் ஒரு பிடி மண்ணைத் தொடவில்லை. செய்து பாருங்களேன் என்று யாரும் சொல்லவில்லை. ஏன் வருகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒருநாள் எல்லோரும் பேச்சு மும்முரத்தில் மண்ணை மூடாமல் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால், துணியை நனைத்துப் பிழிந்து மண்ணின் மேல் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகி வைத்திருந்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து மண்ணைக் காயவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை என்று ஆகிவிட்டது. பிறகு அவரும் செய்தார், சூளையில் வைத்தார், அதெல்லாம் வேறு கதை. எனக்கு அந்த ஈரத்துணிதான் பெரிது.

இன்னொருவன் மழைக்கு ஒதுங்கிய பையன். உள்ளே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒரு நடிகர் வரவில்லை. கடைசி வரிசையில் நின்றவனிடம் பிரதியைக் கொடுத்து, அவருடைய வரிகளை மட்டும் படிக்கச் சொன்னார்கள். அவனுக்குத் திக்குவாய். முதல் வரியை முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆனதோ அவ்வளவு நேரமும் ஆறு பேர் தங்கள் தங்கள் இடத்தில் அசையாமல் நின்றார்கள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவன் முடித்தான், அடுத்தவர் தன் வரியைச் சொன்னார், ஒத்திகை தொடர்ந்தது. அவன் நடிகனாகவில்லை. அதற்குப் பிறகு மேடை ஏறவும் இல்லை. மேடை விளக்குகளின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். இன்றைக்கு இங்கே விளக்கு வேலை கற்றுக்கொண்ட யாரைக் கேட்டாலும் அவன் பெயரைத்தான் சொல்வார்கள்.

இந்த இரண்டு பேரும் உங்கள் கோப்பில் கிடையாது. அதில் எங்கள் தவறும் உண்டு. வருடா வருடம் உங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் எத்தனை நிகழ்ச்சி, எத்தனை வகுப்பு, எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டுமே எழுதினோம். கேட்டதைக் கொடுத்தோம். முக்காலியில் உட்கார்ந்த நான்கு மாதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை, எழுதாமலே விட்டோம். எழுதாதது உங்களுக்கு எப்படித் தெரியும்?

புதிய அரங்கைப் போய்ப் பார்த்தேன். நல்ல கட்டடம். ஒலி எதிரொலிக்கவில்லை, சக்கர நாற்காலி போகச் சரிவுப்பாதை இருக்கிறது, கழிப்பறை சுத்தமாக இருக்கிறது. இவையெல்லாம் எங்களிடம் இல்லாதவை. அங்கே போகும் குழுக்களுக்கு நல்லது நடக்கும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அறை கைமாறும். முன்பதிவுப் படிவத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. மழைக்கு ஒதுங்குகிறவன் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவான்?

இது எங்களுக்கு மட்டும் வந்த கவலை இல்லை. சிங்கப்பூரில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990-ல், கைவிடப்பட்ட ஒரு துணை மின்நிலையக் கட்டடத்தில் ‘சப்ஸ்டேஷன்’ என்ற கலை மையத்தைத் தொடங்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் மேடையேற்றிய ஒரு நாடகத்தில், ஹொக்கியன் பேசும் ஒரு மூதாட்டியும் தமிழ் பேசும் ஒரு முதியவரும் சந்தித்துக்கொள்வார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் பூனையைத் தொலைத்தவர்கள். அதை வைத்தே பேசிப் புரிந்துகொள்வார்கள். அப்படியொரு காட்சியை எழுதிய மனிதர் உருவாக்கிய இடம் அது. 2021-ல் கட்டடத்தைப் புதுப்பிக்க வேண்டும், காலி செய்யுங்கள், வேலை முடிந்ததும் பல குழுக்களில் ஒன்றாகத் திரும்பி வரலாம் என்றார்கள். இடத்தைத் தாங்களே நடத்த முடியாமல் ஒரு வாடகைதாரராக மட்டும் திரும்புவதில் சப்ஸ்டேஷனை நடத்தியவர்களுக்குச் சம்மதமில்லை. அந்த ஜூலையோடு கட்டடத்தை விட்டு வெளியேறினார்கள். சப்ஸ்டேஷன் என்ற அமைப்பு அதற்குப் பிறகும் வீடில்லாமல் இயங்கியது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கோ நடப்பது போலத்தான் இருந்தது.

சரி, மூடத்தான் போகிறீர்கள். மூடும் விதத்தைப் பற்றி மட்டும் சில கோரிக்கைகள்.

முதலில் பின்சுவர். அங்கே இருக்கும் ஓவியங்களை வரைந்தவர்களில் ஏழெட்டுப் பேர் இன்னும் எங்கள் தொடர்பில் இருக்கிறார்கள். வெள்ளையடிப்பதற்கு முன்னால் அவர்களுக்குச் சொல்லுங்கள். வந்து பார்க்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும், பலகையில் வரைந்ததைக் கழற்றிக்கொண்டு போகட்டும். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ‘ஃபைவ் பாயிண்ட்ஸ்’ என்று ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது, சுவர் முழுக்க ஓவியம். 2013 நவம்பரில் ஒரே இரவில் உரிமையாளர் எல்லாவற்றின் மேலும் வெள்ளை பூசிவிட்டார். கட்டடத்தை இடிக்க அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் ஓவியர்களுக்கு முறையாக முன்னறிவிப்பு கொடுக்காமல் இரவோடு இரவாகச் செய்ததை நீதிமன்றம் மன்னிக்கவில்லை. 2018-ல் 21 ஓவியர்களுக்குச் சுமார் 67 லட்சம் டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது. டெல்லி விக்யான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் அவரைக் கேட்காமலே பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். அவர் வழக்குப் போட்டு, 2005-ல் தீர்ப்பு வந்தது. மிஞ்சிய துண்டுகளைத் திருப்பித் தரவும், 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் நீதிமன்றம் சொன்னது. மிஞ்சிய துண்டுகள்! வழக்குப் போடும் எண்ணத்தில் இதைச் சொல்லவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற காரியம் இது, அதற்காகச் சொல்கிறேன்.

முடிந்தால் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள் என்றும் கேட்பேன். பெர்லினில் ‘டாக்கெலஸ்’ என்ற கட்டடம் இடிபட இருந்த நேரத்தில், 1990 பிப்ரவரியில் கலைஞர்கள் உள்ளே புகுந்து அதைக் காப்பாற்றினார்கள். 2012-ல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2023-லிருந்து அங்கே ஒரு புகைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. மாடிப்படிச் சுவர்களில் அவர்கள் கிறுக்கியதும் வரைந்ததும் இன்னும் இருக்கின்றன. வரைந்தவர்கள் இல்லாத சுவர்தான். இருந்தாலும் வெள்ளைச் சுவரைவிட அது மேல் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்தது மாடி அலமாரி. அதில் சுவரொட்டிகள், நாடகப் பிரதிகள், ஒலிநாடாக்கள், வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். காகிதம் இன்னும் கொஞ்ச காலம் தாங்கும், நாடா தாங்காது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015-லேயே இதை எச்சரித்தது. 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றாத காந்த நாடாக்களில் பெரும்பாலானவை கைவிட்டுப் போய்விடும் என்றது. நாடா கெடுவது ஒருபக்கம், அதை ஓட்டும் கருவி கிடைக்காமல் போவது இன்னொரு பக்கம். வீடியோ கேசட் பிளேயர் செய்துகொண்டிருந்த கடைசிப் பெரிய நிறுவனமான ஃபுனாய் 2016-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எங்களிடம் ஓடுகிற கருவி ஒன்று இருக்கிறது. மூன்று மாதம் அந்த அலமாரியை எங்கள் பொறுப்பில் விடுங்கள், மாற்றித் தருகிறோம். ஒரு பிரதி உங்களுக்கு, ஒன்று ஏதாவது நூலகத்துக்கு. பதிவேடுகளையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாட் விளக்குகள், கறுப்புத் திரை, சக்கரம், சூளை இவற்றை ஏலத்தில் எடை போட்டு விற்காமல், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சிறிய குழுக்களுக்குக் கொடுங்கள். யாருக்கு எது தேவை என்ற பட்டியலை இந்த மடலோடு இணைத்திருக்கிறோம். டிம்மர் பலகையை எடுத்துப்போகிறவர்களிடம் ஏழாம் எண்ணைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படி எழுதி ஒட்டியிருக்கும் சீட்டு உரிந்து வருகிறது.

நிறைவு விழா வேண்டாம். பொன்னாடை, நினைவுப் பரிசு, பேச்சு எதுவும் வேண்டாம். அந்தப் பணத்துக்குக் கடைசி நாளுக்கு முந்தைய வாரம் முழுக்க இரவு பத்து மணிவரை கதவைத் திறந்து வையுங்கள். வருகிறவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக ஒத்திகை அறையின் தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் பார்வையிட வந்தபோது உங்களில் ஒருவர் குனிந்து பார்த்து, இந்தக் கறை எல்லாம் என்ன என்று கேட்டார். அவசரத்தில் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒவ்வொரு நாடகத்துக்கும் நாற்காலி எங்கே, நடிகர் எங்கே நின்றால் முகத்தில் வெளிச்சம் விழும் என்று தரையில் டேப் ஒட்டுவோம். நாடகம் முடிந்ததும் உரித்துவிடுவோம். பசை மட்டும் கொஞ்சம் தங்கிவிடும். அதன் மேல் தூசி படிந்து, மிதிபட்டு, நாளடைவில் கறுப்புக் கூட்டல் குறியாக இறுகிவிடும். அந்தக் குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. வடக்கு மூலையில் வரிசையாக ஆறு குறி இருக்கும் பாருங்கள், அவைதான் அந்தப் பையன் வரியை முடிக்கும்வரை ஆறு பேர் நின்ற இடங்கள். கொஞ்சம் தள்ளி, கதவோரம் அவன் நின்ற இடத்தில் குறி எதுவும் இல்லை. அவன்தான் ஒத்திகைக்கு வந்தவன் இல்லையே.

கடைசி நாள் மாலை ஆறு மணிக்குச் சாவியைக் கொண்டுவந்து தருகிறோம். மூன்று சாவி. பின்வாசல் பூட்டைக் கொஞ்சம் மேலே தூக்கித் திருப்ப வேண்டும். அறைகளைப் பெருக்கி, ஜன்னல்களைச் சாத்தி, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வருவோம். ஒத்திகை அறையையும் துடைப்போம். அந்தக் குறிகளை மட்டும் சுரண்ட மாட்டோம்.

இப்படிக்கு,
களிமண் அறையின் பழைய மாணவர்களில் ஒருவர்