மன்னிப்பு கிடைத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

ஆசிரியருக்கு, வணக்கம். ஊரை ஏய்த்தவன் சாகப்போகிற நேரத்தில் ஜெபம் பண்ணினால் மோட்சம், கிறிஸ்தவர் அல்லாமல் நேர்மையாக வாழ்ந்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நரகமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், நானும் சபையில் கேட்டிருக்கிறேன்.

எல்லோரும் லூக்கா சுவிசேஷத்தில் இயேசுவோடு சிலுவையில் தொங்கி, கடைசி நேரத்தில் மன்னிப்புப் பெற்ற கள்ளனைக் காட்டுகிறார்கள். செய்ததற்குத் தகுந்த தண்டனைதான் என்று அவன் ஒப்புக்கொண்டதையும், மன்னிப்புக் கிடைத்தும் அவனை யாரும் கீழே இறக்கிவிடவில்லை என்பதையும் விட்டுவிடுகிறார்கள். அதே லூக்காவில் 19ஆம் அதிகாரத்தில் வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் தருகிறேன் என்கிறான். இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்வது அதற்கு அப்புறம்தான்.

எங்கப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். கல்லாவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்திருந்தார். ஞானஸ்நானம் எடுத்த மறுமாதம், சம்பள நாளன்று, மஞ்சப்பையில் 500 ரூபாயைச் சுருட்டிக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றார். வேலை போனது. மிச்சத்தை அடைக்க இரண்டு வருஷம் ஆனது. "கடவுள் மன்னிச்சுட்டார், ஆனா அண்ணாச்சி காசு அண்ணாச்சிக்குத்தானே" என்பார்.

பாட்டி விஷயத்தில், நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், இல்லாதவர்களுக்கு மனச்சாட்சியே சாட்சி சொல்லும் என்று பைபிளில் ரோமர் 2ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் எழுதுகிறார். பாட்டியை நரகத்துக்கு அனுப்ப எனக்கோ போதகருக்கோ அதிகாரம் கிடையாது. ஆனால் அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பாவம் கழுவப்பட்டது என்று சாட்சி சொல்கிறவரைப் பார்த்தால், எப்போது திருப்பித் தரப்போகிறீர்கள் என்று அந்த வாசகர் தாராளமாகக் கேட்கலாம்.

- ஒரு வாசகர், செல்லூர், மதுரை