மண்ணோடு பாசன நீரையும் பரிசோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்ணைப் பரிசோதித்து உரமிட வேண்டும் என்ற அறிவுரை இன்று ஊர்தோறும் சென்று சேர்ந்திருக்கிறது. 2015-இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டத்தில் தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் கார அமில நிலை வரை 12 குணங்களை அளந்து தருகிறார்கள். ஆனால், அந்த மண்ணில் பாயும் கிணற்று நீரின் தன்மை அந்த 12-இல் இடம்பெறவில்லை. இக்குறையை வேளாண்மைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவரவே எழுதுகிறேன்.

உப்பு மிகுந்த நீரை நாக்கே காட்டிக்கொடுத்துவிடும். இலை நுனி கருகுவதும் வரப்போரம் வெள்ளை பூப்பதும் கண்ணுக்குத் தெரியும். சோடியம் பைகார்பனேட் மிகுந்த நீரோ தெளிவாக இருக்கும்; பெரும்பாலும் கரிக்காது. கடினப் பாறைப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகளை மேலும் மேலும் ஆழப்படுத்தும்போது, பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய இத்தகைய நீர் பல இடங்களில் கிடைக்கிறது. இது வயலில் பாய்ந்து காய்கையில், இதிலுள்ள பைகார்பனேட் மண்ணின் கால்சியத்தைக் கரையாத சுண்ணாம்பாக மாற்றிவிட, எஞ்சும் சோடியம் களித்துகள்களில் கால்சியம் இருந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு மண்கட்டு குலைந்து, சிதறிய துகள்கள் நுண்துளைகளை அடைத்துக்கொள்கின்றன. மழை பெய்தால் நீர் இறங்காமல் தேங்குகிறது. வெயிலில் காய்ந்தால் கலப்பை இறங்குவதில்லை. துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாமல் பயிர் வெளிறுகிறது. உரம் போதவில்லை என்று எண்ணிக் கடன் வாங்கி மேலும் உரமிடுபவர்களைக் காணும்போது மனம் பொறுக்கவில்லை.

உப்பு மிகுந்த உவர் நிலத்துக்குரிய வைத்தியத்தையே, இப்படிச் சோடியம் ஒட்டிக் கெட்ட களர் நிலத்துக்கும் செய்வது இன்னும் கேடானது. உவர் நிலத்தில் நல்ல நீரைத் தேக்கி வடித்தால் உப்பு கரைந்து வெளியேறும். களர் நிலத்தில் முதலில் கால்சியம் தரும் ஜிப்சம் இட்டுச் சோடியத்தை விலக்காமல், அதே கிணற்று நீரை நிறையப் பாய்ச்சினால் சோடியம் கூடவே செய்யும். தமிழகத்தில் உப்பால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ள சுமார் 3.68 லட்சம் ஹெக்டேரில் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்டது களர் நிலமே. எங்கள் திருச்சி மாவட்டத்து மணிகண்டம் வட்டாரத்தில் இதன் பாதிப்பை நேரில் காணலாம்.

நீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தை மிஞ்சி நிற்கும் கார்பனேட், பைகார்பனேட்டின் அளவையே எஞ்சிய சோடியம் கார்பனேட் என்கிறார்கள். இது லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்குவலன்ட் வரை இருந்தால் அச்சமில்லை, 2.5-ஐத் தாண்டினால் அப்படியே பாய்ச்சுவது தகாது. இதில் ஒவ்வோர் அலகைக் குறைக்கவும் 10 லட்சம் லிட்டருக்கு 86 கிலோ தூய ஜிப்சம் தேவை. ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். ஆகவே 5 அலகுள்ள நீரை 2.5-க்குக் கொண்டுவர ஒரு பாய்ச்சலுக்கு ஏறத்தாழ 43 கிலோ போதும். ஜிப்சம் நிரப்பிய தொட்டி வழியே நீரைச் செலுத்தியும் இதைச் செய்யலாம். தக்கைப்பூண்டை மடக்கி உழுவதும், களரைத் தாங்கும் டிஆர்ஒய் 1, டிஆர்ஒய் 3 நெல் ரகங்களைப் பயிரிடுவதும் உதவும். ஆனால், தன் கிணற்று நீரில் இது எத்தனை அலகு என்று தெரியாத விவசாயி இந்தக் கணக்கை எப்படிப் போடுவார்?

அரசின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பரிசோதிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதே நீரில் கழுவிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, தாமதமின்றிக் கொடுத்தால் போதும். இவ்வசதியை அறிந்தோர் கிராமங்களில் மிகச் சிலரே. எனவே மண்வள அட்டையில் பாசன நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்தும் திறன், கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியம் விகிதம், எஞ்சிய சோடியம் கார்பனேட் ஆகிய மூன்றையும் சேர்க்க வேண்டும். ஜிப்சத்துக்கு மானியம் வழங்குமுன் அந்த வயலின் கிணற்று நீரைச் சோதிப்பதையும் கட்டாயமாக்க வேண்டும். நீரைக் கவனிக்காமல் ஒருமுறை ஜிப்சம் இட்டுச் சீர்செய்த நிலம், அதே நீரால் மீண்டும் களராகிவிடும். புதிதாக ஆழ்குழாய்க் கிணறு அமைப்போருக்கு முதல் பரிசோதனையை இலவசமாகச் செய்துதருமாறும் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி மாவட்டம்.