வீட்டுக்கு அனுப்பும் தாளில் ஒரு வரி

ஆசிரியருக்கு,

பச்சிளங்குழந்தைகளின் சிறுநீரகம் குறித்த மருத்துவ ஆய்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளான நெஃப்ரான்கள் கருவின் 36ஆவது வாரம் வரை உருவாகின்றன. குறைமாதத்தில் பிறப்போருக்கு அவை குறைவாகவே அமையக்கூடும். பிற்காலத்தில் உயர் ரத்த அழுத்தம் வர இதுவும் ஒரு காரணம்.

என் மகள் 30 வாரத்தில் பிறந்தவள். செவிலியர் ஒவ்வொரு டயப்பரையும் எடைபோட்டுச் சிறுநீரின் அளவைக் குறித்துவைப்பார். அந்தச் சிறிய தராசு இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால், வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் கண், காது, நுரையீரல் எல்லாம் இருந்தன, சிறுநீரகம் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரியையும், ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை செய்யும்படியான அறிவுரையையும் மருத்துவமனைகள் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

– ஒரு தாய்