ரிச்சி தெருவில் என் சிபியுவைப் பார்த்துத் தந்த அண்ணாவுக்கு

கேம்களைத் திறக்கும் ஆப்பான கேம் லாஞ்சரை டபுள் கிளிக் செய்தால் ஒரு நொடி சுழலும், பிறகு ஒன்றும் வராது. ஃபார்மேட் செய்வதுதான் வழி என்று கடையில் சொன்னார்கள். பக்கத்தில் ரேம் வாங்க நின்ற நீங்கள், “நான் கொஞ்சம் பாக்கட்டுமா தம்பி?” என்றீர்கள்.

முதலில் டாஸ்க் மேனேஜர். விண்டோ தெரியாவிட்டாலும் லாஞ்சரின் பழைய ப்ராசஸ்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றாக முடித்தீர்கள். அடுத்து ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டரில் வெப்கேஷை, அதாவது லாஞ்சர் சேர்த்துவைத்த தற்காலிக இணையக் கோப்புகளை மட்டும் அழித்தீர்கள். அன்இன்ஸ்டால் செய்ய விடவில்லை. சில லாஞ்சர்களில் கேம்களும் சேர்ந்தே போய்விடுமாம்.

இப்போது விண்டோ வந்தது, லாகின் ஆகவில்லை. யாருமே கவனிக்காத இடத்தை, கீழ்மூலைக் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். தேதி சில வருடங்கள் பின்னால் இருந்தது. சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி உண்டு. கணினியின் தேதி அதற்கும் முந்தையது என்றால் இணைப்பு மறுக்கப்படும். காரணம், கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி மதர்போர்டில் தீர்ந்துபோனதுதான். கரண்டை நிறுத்தும்போதெல்லாம் தேதி பழையதுக்கே திரும்பியிருக்கிறது. பவர் கேபிளைக் கழற்றி, பிளஸ் குறி மேலே தெரியும்படி புது சிஆர்2032 போட்டு, கணினியின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் பயாஸில் தேதியைத் திருத்தினீர்கள். விண்டோஸ் நேரத்தையும் சிங்க் செய்தீர்கள். லாகின் ஆனது.

பேட்டரிக் காசைக்கூட வாங்காமல் கிளம்பிவிட்டீர்கள், பெயரும் தெரியாது. இது உங்கள் கண்ணில் பட வேண்டும். லாஞ்சர் நன்றாகத் திறக்கிறது, சேவ் ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. ரொம்ப நன்றி அண்ணா.